சாக்கு என்று சொன்னாள்

அத்தியாயம் 17

பேச்சியம்மாள் தட்டின் மேல் கையை விரித்துக்கொண்டு, "சாக்கு தாயி, சாக்கு" என்றாள்.

அவள் சங்கரன்கோவில்காரி. "போதும்" என்று சொல்லியே அறுபது வயது வரை வயிறு நிறைத்த மனுஷி. கன்னடத்தில் சாக்கு என்றால் போதும் என்று அர்த்தம். ஓசூரில் பூ விற்கிறவள் முதல் பஸ் கண்டக்டர் வரை அதைச் சொல்லாதவர் கிடையாது. ஆனாலும் ஒன்பது வருஷமாக இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தும் பேச்சியம்மாள் வாயில் அந்தச் சொல் ஏறியதில்லை. சின்ன மருமகள் காவியா வந்தாள், ஏறிவிட்டது.

இப்போது அந்த வீட்டில் எல்லாருக்கும் சாக்குதான். மூத்த மகன் செல்வத்துக்கு, அவன் மகள் ஸ்வாதிக்கு, ஏன், மூத்த மருமகள் ரஞ்சிதாவுக்கே சமயத்தில் வாய் தவறி வந்துவிடும்.

"இன்னும் அரை உருண்டை போட்டுக்கங்க அத்தை" என்று காவியா ராகிக் களியை நீட்டினாள்.

"வேண்டாம்னு சொன்னா கேக்கியா நீ!" என்று பேச்சியம்மாள் செல்லமாகக் கடிந்துகொண்டு வாங்கிக்கொண்டாள்.

ரஞ்சிதா அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள். ஒன்பது வருஷம் இந்த மாமியாருக்கு இட்லியும் சொதியும் உளுந்தங்களியும் செய்து போட்டிருக்கிறாள். "உப்பு கொஞ்சம் முன்ன நிக்கு" என்பதற்கு மேல் ஒரு பாராட்டு வந்ததில்லை.

இதே பேச்சியம்மாள்தான், சின்ன மகன் கௌதம் பக்கத்து ஊர் ஜவளகிரிப் பெண்ணைப் பதிவுத் திருமணம் செய்து அழைத்துவந்த அன்று, "அவ கையால பச்சத் தண்ணி வாங்க மாட்டேன்" என்று சுவரைப் பார்த்து உட்கார்ந்தவள். ஆரத்தி கரைக்க ஆள் இல்லாமல் வாசலில் நின்ற காவியாவைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தது யார்? ரஞ்சிதா. தன் கம்பெனியிலேயே, தன் லைனிலேயே வேலை வாங்கிக் கொடுத்தது யார்? அதுவும் ரஞ்சிதா. வயரைக் கனெக்டரில் செருகும்போது கட்டைவிரல் நகம் பெயராமல் எப்படிப் பிடிப்பது என்று கற்றுக் கொடுத்ததும் அவள்தான்.

ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியது என்பார்கள். வீட்டுக் கணக்கில் காவியா ஒண்ட வந்தவள். ஊர்க் கணக்கில் பார்த்தால் ரஞ்சிதாதான் ஒண்ட வந்தவள். இந்தச் சங்கடம்தான் அவளை வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்ல விடாமல் அடைத்துக்கொண்டிருந்தது.

"ஸ்வாதி, வா. தலை பின்னணும். பஸ்ஸு வந்துரும்."

"சித்தி பின்னட்டும்மா. சித்தி பின்னினா பள்ளிக்கூடம் விட்டு வர்ற வரைக்கும் அவுராது" என்றது எட்டு வயது.

ரஞ்சிதாவின் வயிறு எரிந்தது. பெற்ற பிள்ளையிடம் எரிய முடியாது. அந்த எரிச்சல் எங்கே போகவேண்டுமோ அங்கே போய்ச் சேர்ந்தது.

"அப்ப சித்தியையே அம்மான்னு கூப்பிடு" என்று சொல்லிவிட்டு, அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். இரவுதான் ஷிஃப்ட் முடித்து வந்து படுத்திருந்த செல்வம், உள்ளறையில் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது.

கம்பெனி பஸ்ஸில் காவியா வழக்கம்போல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"குழந்தை தெரியாம சொல்லிருச்சுக்கா. மனசுல வச்சிக்காதீங்க."

"நான் ஏன் வச்சிக்கப்போறேன்" என்று ரஞ்சிதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சொல்லாமல் விட்டிருந்தால்கூட ஆறியிருக்கும்.

*

கம்பெனியில் கார்களுக்கு வேண்டிய வயர்க் கட்டுகள் தயாராகின்றன. நாலாம் லைனில் முப்பத்திரண்டு பெண்கள். மூன்று மாதமாக அதற்கு ரஞ்சிதா தற்காலிக லீடர்.

லீடர் என்றால் சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. கழுத்தில்தான் வித்தியாசம். அடையாள அட்டையோடு ஒரு சிவப்பு டோக்கனும் தொங்கும். லைனை விட்டுக் கழிப்பறைக்குப் போகிறவள் அந்த டோக்கனை வாங்கிக்கொண்டுதான் போகவேண்டும். முப்பத்திரண்டு பேருக்கும் ஒரே டோக்கன். முன்பெல்லாம் எழுந்து போனவளின் இடத்தில் நிற்க இரண்டு மாற்று ஆட்கள் இருந்தார்கள். இரண்டு மாதத்துக்கு முன் அவர்களை எடுத்துவிட்டார்கள். டோக்கன் மட்டும் மிஞ்சியது.

கூடவே ஒரு புது ஏற்பாடும் வந்தது. வியாழக்கிழமை தோறும் ஒவ்வொரு லீடரும் ஒரு பெயர் எழுதித் தரவேண்டும். அந்த வாரத்தில் மந்தமாக இருந்தவளின் பெயர். யாருமே மந்தம் இல்லையென்றால்? அப்போதும் ஒரு பெயர் வேண்டும். மூன்று முறை பெயர் வந்தால் வெளியே.

முதல் இரண்டு வியாழனும் ரஞ்சிதா தன் பெயரையே எழுதிக் கொடுத்தாள். நம்புங்கள், அப்படிப்பட்டவள்தான் அவள். சூப்பர்வைசர் ராஜசேகர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தான். "மூணாவது வாட்டியும் உங்க பேரே வந்தா நீங்களே வெளிய போகணும்மா. யோசிச்சுக்குங்க."

மூன்றாம் வியாழன் வேறொருத்தி பெயரை எழுதிக் கொடுத்தாள். அன்றிரவு சாப்பிடவில்லை. ஆறாம் வியாழன், பேனா சரியாக எழுதவில்லையே என்று எரிச்சல் வந்தது. அவ்வளவுதான். இடையில் பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை.

இன்று ஒன்பதாம் வியாழன்.

காலைக் கூட்டம் முடிந்ததும் ராஜசேகர் அவளைத் தனியே அழைத்தான்.

"நாலாம் லைனுக்கு ஒரு பர்மனென்ட் லீடர் போஸ்ட் வருது. சாயந்தரம் ஹெட் ஆபீசுக்கு லிஸ்ட் போகும்."

ரஞ்சிதா மனதுக்குள் கணக்குப் போட்டாள். எட்டு வருஷம் கான்ட்ராக்ட். பர்மனென்ட் ஆனால் நீல அட்டை கிடைக்கும். ஸ்வாதிக்குக் காய்ச்சல் என்றால் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருக்கலாம், யாரும் கேட்டில் நிறுத்த முடியாது.

"ரெண்டு பேர் இருக்கு. ஒண்ணு நீங்க. இன்னொண்ணு உங்க வீட்டுப் பொண்ணு, காவியா."

"அவ வந்து ரெண்டு வருஷம்கூட ஆகலையே சார்."

"மணிக்கு எத்தனை கட்டுங்கிற கவுன்ட்டுல அவதானே முதல்ல நிக்கிறா? பெங்களூர்ல இருந்து கஸ்டமர் வந்தா கன்னடத்துல பதில் சொல்றா. தெலுங்கும் வருது. உங்களுக்கு?" அவன் கடிகாரத்தைப் பார்த்தான். "இன்னைக்குக் கஸ்டமர் ரவுண்ட்ஸ் இருக்கு. லைன் ஒரு நிமிஷம் நிக்கக் கூடாது. நின்னா லிஸ்ட்டுல ஒரு பேர் தானா அடிபட்டுப்போயிரும்."

யார் பெயர் என்று அவன் சொல்லவில்லை. சொல்லாமல் போனதில்தான் அவனுடைய சாமர்த்தியம் இருந்தது.

*

பத்தரை மணி. காவியா லைனில் இருந்தபடியே கையைத் தூக்கினாள். ரஞ்சிதா போனாள்.

"அக்கா, இன்னைக்கு ரெண்டாவது நாளு. டோக்கன் குடுங்க. அஞ்சே நிமிசத்துல வந்துர்றேன்."

"இந்த மணிக்கான கவுன்ட் முடியட்டும். பதினொண்ணுக்குப் போ."

"சரிங்கக்கா."

நியாயமான பதில்தான். கஸ்டமர் வரும் நாள், மாற்று ஆள் கிடையாது. ரஞ்சிதா தன்னிடமே அப்படிச் சொல்லிக்கொண்டாள்.

பதினொன்று அடித்தது. காவியா மறுபடி கையைத் தூக்கினாள்.

"இப்ப விட முடியாது. அவங்க ரெண்டாம் லைன் வரைக்கும் வந்துட்டாங்க."

"முடியலைங்கக்கா. வெள்ளைக் கோட்டுல பட்டுரும் போல இருக்குது."

காவியாவின் நெற்றியில் வியர்வை. பக்கத்து இருக்கை மாரம்மா, தேன்கனிக்கோட்டைக்காரி, வயரில் இருந்து கண்ணை எடுக்காமலே, "விட்டுருங்க லீடரம்மா, நான் ரெண்டு எடத்தையும் பாத்துக்கறேன்" என்றாள்.

விட்டிருக்கலாம். ஐந்து நிமிடம். டோக்கனைக் கழற்றுவதற்காக ரஞ்சிதாவின் கை கழுத்துக்குப் போனது. போன கை அங்கேயே நின்றது.

வேலைக்கு வந்த இரண்டாம் வருஷம், இதே லைனில், அவளுடைய வெள்ளைக் கோட்டிலும் இப்படித்தான் பட்டது. அன்றைய லீடர் டோக்கன் தரவில்லை. ரஞ்சிதா கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். நான் லீடரானால் ஒருத்தியையும் இப்படி நிற்க வைக்க மாட்டேன் என்று சுவரில் தலையைச் சாய்த்து நினைத்துக்கொண்டாள். அது அவளுக்கு இப்போதும் நன்றாக நினைவிருந்தது.

ஆனால் கூடவே வேறு ஒரு நினைப்பும் வந்தது. நான் நின்றேனே. நான் அழுதேனே. எனக்கு யார் தந்தார்கள்? இவள் மட்டும் என்ன மகாராணியா? மாமியாரும் இவளுக்கு, பிள்ளையும் இவளுக்கு, போஸ்ட்டும் இவளுக்கு. டோக்கனும் கேட்ட உடனே கிடைத்துவிட வேண்டுமோ?

"பதினொண்ணே முக்காலுக்குப் பார்க்கலாம்" என்றாள்.

அந்தக் குரலைக் கேட்டு அவளுக்கே ஒரு கணம் திக்கென்றது. அன்று டோக்கன் தராத அந்த லீடரின் குரல் அது.

பதினொன்று இருபதுக்குக் காவியா கையில் இருந்த கனெக்டரைக் கீழே வைத்தாள். எழுந்தாள். வெள்ளைக் கோட்டின் பின்புறத்தை இரு கைகளாலும் கூட்டிப் பிடித்துக்கொண்டாள். கண் நிறைந்திருந்தது.

"சாக்கு அக்கா" என்றாள். "சாக்கு."

டோக்கன் இல்லாமல் நடந்து போய்விட்டாள்.

லீடர் சொல்லாமல் அவள் இடத்தில் மாரம்மாவும் கை வைக்கவில்லை; லைன் நின்றது. மேலே சிவப்பு விளக்கு சுழன்றது. நாலு நிமிடம்.

அந்த நாலு நிமிடத்துக்குள் எச்.ஆர். அதிகாரி அனிதா ஓடிவந்தாள். கோயம்புத்தூரில் இருந்து வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. கையில் அட்டையும் தாளும்.

"யாரு எந்திரிச்சுப் போனது?"

"காவியா மேடம்."

"டோக்கன்?"

"இல்ல."

"என்ன காரணம் சொன்னாங்க?"

ரஞ்சிதா வாயைத் திறந்தாள். சொல்ல வந்தது வேறு. வெளியே வந்தது வேறு.

"முதல்ல முடியலைன்னா. போகும்போது... சாக்குன்னு சொல்லிட்டுப் போனா மேடம்."

"சாக்கா?" அனிதாவின் புருவம் ஏறியது. "உடம்பு சரியில்லைன்னு சொன்னதெல்லாம் சாக்குன்னு அவங்களே சொல்றாங்களா? என்ன திமிரு!"

இங்கேதான் ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. 'அது கன்னடம் மேடம். போதும்னு அர்த்தம்.' இதைச் சொல்ல மூன்று விநாடி போதும். ரஞ்சிதா அந்த மூன்று விநாடியும் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"போகும்போது வேற ஏதாவது சொன்னாங்களா?"

"இல்ல மேடம். அந்த ஒரு வார்த்தைதான்."

பொய் இல்லை. ஒரு எழுத்துகூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அனிதா எழுதிக்கொண்டாள்.

மாரம்மா தலையைத் தூக்கி ரஞ்சிதாவைப் பார்த்தாள். கன்னடத்திலேயே பிறந்து வளர்ந்தவள். உதடு பிரிந்தது. பிறகு அடுத்த வியாழன் நினைவு வந்திருக்கவேண்டும். தலையைக் குனிந்துகொண்டு வயரைச் செருக ஆரம்பித்தாள்.

மத்தியானம் பெயர் எழுதும் தாள் வந்தது. ரஞ்சிதா எழுதிக் கொடுத்தாள். பேனா நன்றாக எழுதியது.

இரண்டு மணிக்குக் காவியாவிடம் கையெழுத்து வாங்கி, அட்டையையும் வாங்கிக்கொண்டு, கேட்டுக்கு வெளியே அனுப்பினார்கள். மூன்று முறை என்ற விதி மந்தத்துக்குத்தானாம். லைனை நிறுத்தினால் ஒரு முறையே போதுமாம். கண்ணாடி வழியே ரஞ்சிதா பார்த்தாள். இடுப்பில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு, வெயிலில், சின்ன உருவமாக அவள் போய்க்கொண்டிருந்தாள்.

ரஞ்சிதாவுக்கு மனம் குளிர்ந்தது. மறைப்பானேன், குளிரத்தான் செய்தது. பத்து நிமிடம் அந்தக் குளிர்ச்சி இருந்தது. அதற்குப் பிறகுதான் டோக்கனின் கயிறு கழுத்தை அறுக்க ஆரம்பித்தது.

"உங்க பேரை அனுப்பியாச்சு" என்றான் ராஜசேகர், போகிற போக்கில்.

*

பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாக வந்தது. மூக்கண்டப்பள்ளியில் இறங்கும் வரை ரஞ்சிதா சண்டைக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் இப்படிக் கேட்டால் நான் இப்படிச் சொல்வேன். அத்தை கத்தினால் நானும் கத்துவேன். டோக்கன் இல்லாமல் போனது யார் தப்பு?

வீட்டில் யாரும் கத்தவில்லை. செல்வம் ஷிஃப்டுக்குப் போய்விட்டிருந்தான். பயிற்சிக்காக கௌதம் சென்னை போய் ஒரு மாதம் ஆகிறது. வீட்டில் வெல்லம் காய்ச்சும் வாசனை வந்தது.

"வாங்கக்கா. உளுந்தங்களி கிண்டினேன். நல்லெண்ணெய் ஊத்தி நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே" என்றாள் காவியா. முகம் வீங்கியிருந்தது. ஸ்வாதியின் தலை நேர்த்தியாகப் பின்னியிருந்தது.

பேச்சியம்மாள் ரஞ்சிதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி, பிள்ளைய வேலைய விட்டு நிறுத்திட்டாங்களாமே. நீதானே லீடரு? நீ ஒரு வார்த்த சொன்னா கேக்க மாட்டாங்களா?"

"அக்கா என்ன பண்ணுவாங்க அத்தை. நான்தான் டோக்கன் வாங்காம போயிட்டேன். லைனு நின்னுபோச்சு. அக்கா மேல ஒரு தப்பும் இல்ல" என்றாள் காவியா.

ஒத்திகை பார்த்த வசனம் அத்தனையும் வீணாய்ப் போயிற்று. ரஞ்சிதா கால் கழுவிக்கொண்டு வந்து தட்டின் முன் உட்கார்ந்தாள்.

காவியா நாலாக மடித்த ஒரு தாளை நீட்டினாள்.

"இதுல கையெழுத்துப் போடச் சொன்னாங்கக்கா. நகல் குடுத்தாங்க. நான் ஜவளகிரில கன்னட மீடியம் படிச்சவ, தமிழு பஸ் போர்டு படிக்கற அளவுதான். நீங்க படிச்சுச் சொல்லுங்க. உங்களத் தவிர யாருகிட்டக் கேக்கறது?"

ரஞ்சிதா தாளைப் பிரித்தாள். ஆறு வரி. நாலாவது வரியில் கண் நின்றது. 'உடல்நிலை குறித்துத் தாம் கூறிய காரணம் வெறும் சாக்கு என்று லைன் லீடரின் முன்னிலையில் தாமே ஒப்புக்கொண்டார்.'

"என்ன போட்டிருக்குது?"

இப்போதாவது சொல்லியிருக்கலாம். ரஞ்சிதா முதல் வரியை மட்டும் படித்தாள்.

"பணி நேரத்துல அனுமதி இல்லாம... இடத்தை விட்டுப் போனாங்கன்னு போட்டிருக்கு. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா? அப்ப நாளைக்குப் போயி மன்னிப்புக் கேட்டா சேத்துக்குவாங்கல்ல?" காவியாவின் முகத்தில் லேசாக உயிர் வந்தது. "நீங்களும் கூட வருவீங்கல்ல அக்கா?"

"ம்."

தாளை மடித்துக் கீழே வைத்தாள். காவியா தட்டில் உளுந்தங்களியை வைத்து, நடுவில் குழி செய்து எண்ணெய் ஊற்றினாள். இன்னொரு கரண்டி எடுத்தாள்.  ரஞ்சிதா கையைத் தட்டின் மேல் விரித்தாள்.

"சாக்கு" என்றாள். "சாக்கு காவியா."

ஸ்வாதி பக்கத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு அந்தத் தாளை விரித்து வைத்திருந்தாள். புதிதாக எழுத்துக் கூட்டக் கற்ற பிள்ளைக்கு எதைக் கண்டாலும் படிக்கவேண்டும். திடீரென்று குதூகலமாகக் கத்தினாள்.

"சித்தி! இதுலயும் சாக்குன்னு போட்டிருக்கு!"

காவியாவின் கரண்டி பாதியில் நின்றது.

"எங்க ராஜாத்தி? முழுசாப் படி."

"ஸ்வாதி, அதைக் கீழ வை!" என்றாள் ரஞ்சிதா.

"இரும்மா. தாம்... கூ...றிய... காரணம்... வெறும்... சாக்கு... என்று... லைன் லீடரின்... முன்னி...லையில்..." பிள்ளை மூச்சு வாங்கிக்கொண்டு தலையைத் தூக்கினாள். "லைன் லீடர்னா அம்மாதானே?"

பேச்சியம்மாள் ஒருத்தியை விட்டு ஒருத்தியைப் பார்த்தாள். 

காவியா கோபப்படவில்லை. கரண்டியைப் பாத்திரத்துக்குள் மெல்ல வைத்தாள். ரஞ்சிதாவுக்கு எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தாள். வாசலில் நின்ற தன்னைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தவளின் முகத்தை, அன்றைக்குப் பார்த்த மாதிரியே நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் சாக்குன்னு சொன்னது உங்களுக்குப் புரியலைங்களாக்கா?"

அவள் குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. புரியவில்லை என்று சொல்லிவிடுங்கள், நான் நம்பிக்கொள்கிறேன் என்கிற கெஞ்சல். அந்த ஒரு பொய்யைச் சொன்னால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

ஆனால் ரஞ்சிதாவின் கை இன்னும் தட்டின் மேல் விரிந்தபடியே இருந்தது. 'சாக்கு' என்று அவள் சொல்லி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.